எஸ்.ஐ. மூட்டு வலி: ஊசி போடுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூட்டுகள் உண்டு. சாக்ரோ இலியாக் மூட்டு, சுருக்கமாக எஸ்.ஐ. மூட்டு. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ளவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு வலி கிளம்புவது இங்கிருந்துதான் என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. எங்கே வலிக்கிறது என்று கேட்டால், பிட்டத்துக்கு மேலே குழி விழும் இடத்தை இவர்கள் பெரும்பாலும் ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுவார்கள்.

ஆனால் சிகிச்சை, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்குக்கு நடக்கிறது. நாற்பதைக் கடந்தவருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால், வலியே இல்லாவிட்டாலும் டிஸ்க் தேய்மானம் தெரிவது சகஜம். அந்த அறிக்கையை மட்டும் நம்பி மருந்தும் பெல்ட்டுமாக வருடங்களைக் கடத்துவதுதான் முதல் தவறு. மருத்துவர் படுக்க வைத்து, இடுப்பை அழுத்தியும் தொடையை மடக்கித் தள்ளியும் சோதிக்க வேண்டும். இப்படிப்பட்ட ஐந்தாறு சோதனைகளில் குறைந்தது மூன்று அதே பழைய வலியைக் கிளப்பினால் சந்தேகம் வலுக்கும்.

பிரசவத்துக்குப் பின் இந்த வலி வந்த பெண்கள் பலர், சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பொறுத்துக்கொள்கிறார்கள். கர்ப்ப காலத்தில் தசைநார்கள் தளர்ந்து இந்த மூட்டு வலிப்பது உண்டு. உரிய பிசியோதெரபியில் பெரும்பாலும் குறையும். வீணாகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்னொரு தவறு ஆபத்தானது. காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம், ஓய்வில் கூடி நடமாட்டத்தில் குறையும் வலி என்று ஓர் இளைஞர் சொன்னால் அது முதுகெலும்பைத் தாக்கும் அழற்சி மூட்டுவாதமாக இருக்கலாம். காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்தால் காசநோயையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இந்த மூட்டிலும் காசநோய் வருகிறது. கிருமி இருக்கும் மூட்டில் வலிக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவது நோயை வளர்ப்பதாகும்.

இனி சோதனை ஊசி. மூட்டுக்குள் சிறிதளவு மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தி, வலி குறைகிறதா என்று பார்ப்பது. எக்ஸ்ரே திரை அல்லது சி.டி. உதவியின்றிக் கைக்கணக்கில் குத்தினால் மருந்து பெரும்பாலும் மூட்டுக்குள் போகாது. நோயாளி செய்யும் தவறும் ஒன்று உண்டு: வீட்டுக்கு வந்து படுத்துவிடுவது. படுத்திருந்தால் வலி எப்படித் தெரியும்? மருந்து வேலை செய்யும் சில மணி நேரத்தில், மருத்துவர் தடுக்காத வரையில், வழக்கமாக வலி தருவதையெல்லாம் செய்து பார்க்க வேண்டும். மாடிப்படி ஏறுங்கள், தரையில் உட்கார்ந்து எழுந்திருங்கள், கட்டிலில் புரண்டு படுங்கள். அரை மணிக்கு ஒரு முறை, பத்துக்கு எத்தனை வலி என்று எழுதிவையுங்கள். பாதிகூடக் குறையவில்லை என்றால் வலியின் மூலம் வேறு எங்கோ இருக்கக்கூடும். அடுத்த சிகிச்சைகள் எல்லாம் இந்தத் தாளை நம்பித்தான் நிற்கின்றன.

ஊசியில் நல்ல பலன் தெரிந்து, அது நிலைக்காதவர்களுக்கு ரேடியோ அலைவரிசைச் சிகிச்சை உண்டு. மூட்டிலிருந்து வலியைக் கடத்தும் நுண்ணரம்புகளை ஊசிமுனைச் சூட்டால் செயலிழக்கச் செய்வார்கள். பலன் சுமார் ஆறு மாதம் முதல் ஒரு வருடம். நரம்பு மறுபடி வளர்ந்துவிடும். வலி விட்ட அந்த மாதங்களில் இடுப்புத் தசைகளை வலுப்படுத்தாமல் சும்மா இருப்பது கிடைத்த வாய்ப்பை வீணாக்குவது.

கடைசியில், மூட்டை அசையாமல் பிணைக்கும் அறுவை சிகிச்சை. சிறு கீறல் வழியே பெரும்பாலும் மூன்று டைட்டானியம் துண்டுகளைச் செருகுவார்கள். கீறல் சிறிது என்பதால் முடிவும் சிறியது என்று நினைக்காதீர்கள். சில வாரங்கள் ஊன்றுகோல் தேவைப்படும், பொருத்தியதை எடுப்பதும் எளிதல்ல. பலன் தருவதாக முந்தைய ஆய்வுகள் சொன்னாலும், நார்வே, ஸ்வீடன் நோயாளிகளிடம் போலி அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வில் ஆறு மாத முடிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. எனவே ஆறு மாதமாவது முறையான பிசியோதெரபி செய்யாதவரும், சோதனை ஊசியில் தெளிவான பலன் காணாதவரும் இதற்குச் சம்மதிக்கக் கூடாது என்பேன். புகைப்பழக்கமும் எலும்பு மெலிவும் இருந்தால் முதலில் அவற்றைக் கவனியுங்கள். கையெழுத்துப் போடும் முன், வலி எழுதிய அந்தத் தாளோடு இன்னொரு மருத்துவரையும் பாருங்கள்.