பலகை நிற்கிற இடமும் அகழி இருந்த இடமும்

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். அட்லாண்டாவுக்கு வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சனி ஞாயிறுகளில் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த இடங்களைச் சொல்லும் சாலையோர வரலாற்றுப் பலகைகளைத் தேடிப்போய், ஒவ்வொன்றின் ஜிபிஎஸ் புள்ளியையும் குறித்து, வரைபடத்தில் கோடாக இணைத்திருந்தார். "அண்ணா, 1864-ல தெற்குப் படை வெட்டின அரண் வரிசை முழுசா கிடைச்சிடுச்சு!" கோடு அழகாகத்தான் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் நான் வரைந்த கோடும் இப்படித்தான் அழகாக இருந்தது.

இந்தத் தேடலில் புதியவர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உண்ணிக்கடி, விஷக்கொடி, அடுத்தவர் நிலத்தில் நுழைந்து திட்டு வாங்குவது எல்லாம் ஒருமுறை பட்டாலே போதும், புத்தி வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"இங்கே" என்றால் இங்கேதான் என்று நம்புவது

ஜார்ஜியா வரலாற்று ஆணையம் 1951-இல் தொடங்கியது. அட்லாண்டா போர் பற்றிய பலகைகளில் பெரும்பாலானவை அந்தப் பத்தாண்டில் நட்டவை. பலவற்றின் வாசகத்தை எழுதிய வில்பர் கர்ட்ஸ் ஓவியர், இந்த மண்ணை நன்றாக அறிந்தவர். வாசகத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் கம்பத்துக்குக் கால் உண்டு. சாலையை அகலப்படுத்தினால் நகரும். லாரி இடித்தால் கிடங்குக்குப் போய், திரும்பி வரும்போது வேறு எங்காவது நிற்கும். நட்ட அன்றே கார் ஓரங்கட்ட வசதியான இடமாகப் பார்த்து நட்டவையும் உண்டு. "இங்கிருந்து தெற்கே இத்தனை கஜம்" என்ற வரி மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும்.

இலை உதிர்ந்த காட்டில்தான் மண்மேடுகள் கண்ணுக்குத் தெரியும் என்பதால் இரண்டு குளிர்காலம் அலைந்தேன். கைக்காசு போட்டு ஆளுயர வரைபடம் அச்சடித்து, உள்ளூர் வரலாற்றுக் கூட்டம் ஒன்றில் பெருமையாக மாட்டினேன். ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, ஒரு புள்ளியில் விரலை வைத்தார். அந்தப் பலகை தன் சின்ன வயதில் மேட்டின் உச்சியில் நின்றதாகவும், சாலை வேலையின்போது கீழே ஓடைப் பக்கம் இறக்கியதாகவும் சொன்னார். அந்த ஒரு புள்ளியை நம்பித்தான் அடுத்தடுத்த வளைவுகளை எல்லாம் ஊகித்திருந்தேன். மொத்தக் கோடும் பள்ளத்தில் ஓடியது.

பலகை நகர்ந்தது என் தவறில்லை. ஆனால் மேட்டை எதிரிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பள்ளத்தில் அகழி வெட்டுகிறவன் உண்டா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. இன்னொரு எரிச்சல், அந்த வரைபடத்தை யாரோ படமெடுத்துப் பரப்பிவிட்டார்கள். தம்பியின் கோட்டிலும் ஓடைக்குப் பக்கத்தில் ஒரு வளைவு இருந்தது. எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். "பலகை இல்லாத இடத்துல ஒரு பழைய மேப் பார்த்துப் போட்டேன் அண்ணா."

பலகையின் வாசகத்தை முதலில் மேடுபள்ளத்தோடு ஒட்டிப் பாருங்கள். பிறகு 1891 முதல் 1895 வரை அமெரிக்க அரசு வெளியிட்ட போர் வரைபடத் தொகுப்போடும், பழைய வான்வழிப் படங்களோடும் ஒப்பிடுங்கள். பலகையின் எண்ணையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியாவில் முதல் மூன்று இலக்கம் கவுன்டியை, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவைச் சொல்லும். 060 என்றால் ஃபுல்டன், 033 என்றால் காப். 1927-இல் பலகை நடத் தொடங்கிய வர்ஜீனியாவில் முன்னால் உள்ள எழுத்து சாலையைக் காட்டும். எண் ஒரு சாலையையும் கம்பம் வேறு சாலையையும் காட்டினால் சந்தேகப்படலாம்.

எல்லாம் ஒரே அரண் என்று இணைப்பது

அட்லாண்டாவைச் சுற்றி 10 மைலுக்கும் மேல் நீண்ட வளையத்தை லெமுவல் கிராண்ட் என்ற பொறியாளர் 1863-இல் தொடங்கினார். அதற்கு வடக்கே, 1864 ஜூலையில் பீச்ட்ரீ ஓடைச் சண்டையை ஒட்டி எழுந்தது வெளிவரிசை. செப்டம்பரில் நகரைப் பிடித்த பிறகு, வடக்குப் படைத் தளபதி ஷெர்மனின் பொறியாளர் ஓர்லாண்டோ போ உள்ளே இன்னும் குறுகலாக ஒன்றை வெட்டவைத்தார். அது வடக்குப் படையின் அரண். அந்த ஆண்டு புகைப்படக்காரர் பர்னார்ட் எடுத்த புகழ்பெற்ற புகைப்படங்களைப் பார்க்கும்போதும் எது யாருடையது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தெற்கின் தலைநகராக இருந்த ரிச்மண்டிலும் வெளி, இடை, உள் என்று மூன்று வரிசை. பலகைத் தலைப்பில் உள்ள அந்தச் சின்னச் சொல்லைத்தான் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கிராண்ட் பார்க்

அட்லாண்டாவில் உள்ள இந்தப் பூங்காவின் பெயரில் இருப்பவர் வடக்குப் படைத் தளபதி யுலிசிஸ் கிராண்ட் இல்லை. மேலே சொன்ன லெமுவல்.

குழியை வைத்து எதிரியின் திசையைச் சொல்வது

அவசரமாக வெட்டிய அகழியில் வீரன் குழிக்குள் நிற்பான். மண் எதிரிப் பக்கம் குவிந்திருக்கும். நிதானமாகக் கட்டிய கோட்டையில் குழி சுவருக்கு வெளியே, எதிரிப் பக்கம் இருக்கும். எது எந்த வகை என்று தெரியாமல் திசை சொன்னால் படைகளை இடம் மாற்றி நிறுத்திவிடுவீர்கள்.

"கட்டப்பட்டன" என்பதோடு நிறுத்திக்கொள்வது

யாரால்? சட்டஹூச்சி ஆற்றங்கரை வரிசையில் தெற்குப் படையின் ஜெனரல் ஷூப் வடிவமைத்த அம்புமுனை போன்ற கோட்டைகள் 36. மரக்கட்டைச் சுவர்களுக்கு நடுவே மண்ணைக் கொட்டி இறுக்கியவர்கள் ஆயிரம்பேர் அளவிலான கறுப்பின அடிமைகள். அவ்வளவு உழைத்தும், அந்த வரிசையோடு ஷெர்மன் நேரே மோதவே இல்லை. ஜூலை 8 அன்று சோப் ஓடை அருகே அவர் படை ஆற்றைக் கடந்தது. மறுநாள் இரவே தெற்குப் படைத் தளபதி ஜான்ஸ்டன் வரிசையைக் காலிசெய்துவிட்டார். பலகை வாசகத்தைத் தமிழாக்கி நண்பர்களுக்கு அனுப்புகிறவர்கள், செயப்பாட்டு வினையை அப்படியே வைக்காமல் வெட்டியவர்களையும் ஒரு வரி எழுதுங்கள்.

மண்மேட்டின் மேல் ஏறி நின்று செல்ஃபி

இறங்குங்கள்.