உடற்பயிற்சியை வழக்கமாக்குவது எப்படி: மட்டக்களப்பின் வெயிலுக்கும் மாரிக்கும் ஏற்ற ஒரு வழி

மட்டக்களப்பில் உடற்பயிற்சியைத் தொடங்குபவர்களுக்குப் பஞ்சமில்லை. தை பிறந்து மழை ஓய்ந்ததும் புதுச் சப்பாத்தோடு வாவிக்கரையில் பலர் இறங்குகிறார்கள். கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கும்போது அவர்களில் பாதிப்பேரைக் காணோம். கார்த்திகை அடைமழையோடு எஞ்சியவர்களும் வீட்டுக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள். நானும் இரண்டு வருடங்கள் அப்படித் தொடங்கி, இடையில் கைவிட்டவன்தான். ஆகவே, நடக்கப்போகும் நாளைவிட, நடக்க முடியாமற்போகும் நாளுக்கே முதலில் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

எவ்வளவு தேவை என்பதில் குழப்பம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, வளர்ந்தவர் ஒருவர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபடுவதோடு, குறைந்தது இரண்டு நாட்கள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும். நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாதிருந்தால் அது மிதமான வேகம். இந்த நிமிடங்களை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் அடுப்படியை விட்டு நகர முடியாத பெண்கள், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பியபின் பத்து நிமிடமும், மதிய உணவுக்குப்பின் பத்து நிமிடமும், பின்னேரம் பத்து நிமிடமும் நடந்தாலும் கணக்கு ஒன்றுதான். உணவுக்குப்பின் நடப்பது இரத்தத்தில் சீனி ஏறுவதைக் குறைக்கும் என்பது கூடுதல் இலாபம்.

முதல் இரண்டு கிழமைகளுக்குப் பத்து நிமிடம் மட்டும் நடவுங்கள். இன்னும் நடக்கலாம் போலிருந்தாலும் திரும்பிவிடுங்கள். பிறகு கிழமைக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டி, அரைமணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அரைமணி நேரம் ஐந்து நாட்களுக்கு நடந்தாலே 150 நிமிடமாகிவிடும். நேரத்தை மணிக்கூட்டோடு கட்டுவதைவிட, நாள்தோறும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு கட்டுவது உறுதியானது. காலைத் தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்ததும் சப்பாத்தை மாட்டுவது என்று வைத்துக்கொண்டால், கோப்பையே ஞாபகப்படுத்தும். என் சப்பாத்துக்குள் படலைத் திறப்பை இரவிலேயே போட்டு வைக்கிறேன். திறப்பை எடுக்கக் குனிந்தவனுக்குச் சப்பாத்தை மாட்டாமலிருக்கச் சாட்டு கிடைப்பதில்லை.

இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்வார்கள். இலண்டனில் 96 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் நிலைக்கு வருவதற்குச் சராசரியாக 66 நாட்களும், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாட்கள் வரையும் ஆகுமெனக் கணிக்கப்பட்டது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலையவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே கலண்டரில் நடந்த நாளுக்குப் புள்ளடி போடுங்கள்; வெற்றுக் கட்டம் ஒன்று விழுந்தால் வருந்த வேண்டாம், இரண்டு அடுத்தடுத்து விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, 1924இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலமும் கல்லடிக் கடற்கரையும் விடியற்காலை நடைக்கு ஏற்றவை. வாவியில் தோணிகள் கரை திரும்பும் அந்த நேரத்தில் வெயிலின் தொல்லை இராது. ஆனாலும் தினமும் அங்கே போய்வருவதற்கே நேரம் போய்விடுமென்றால், உங்கள் ஒழுங்கையே மேல். கட்டாக்காலி நாய்களுக்கு அஞ்சுபவர்கள் அயலவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். அவர் வராத நாளிலும் நீங்கள் போக வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நெஞ்சுவலியோ கடும் மூச்சிரைப்போ வந்தால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இருதய நோயோ பிரஷரோ உள்ளவர்கள் தொடங்குமுன் கிளினிக்கில் கேட்டுக்கொள்வது அவசியம். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களுக்கும் சிலவகைக் குளிசை எடுப்பவர்களுக்கும் நடையின்போது சீனி திடீரென இறங்கக்கூடும் என்பதால், சட்டைப்பையில் இரண்டு டொபி இருக்கட்டும். பாத உணர்வு குறைந்தவர்கள் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. கிளிஞ்சல் வெட்டியதுகூடத் தெரியாமற் போகும்.

இனி மாரிக்கான ஏற்பாடு. தசைப் பயிற்சியை வெயில் காலத்திலேயே விறாந்தையில் பழகிவிடுங்கள்: கைகளை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழும்பி இருத்தல், சுவரில் கைவைத்துப் பத்துத் தடவை தள்ளுதல், குதிகாலை உயர்த்தி நிற்றல். மூன்று சுற்றுச் செய்தால் வியர்த்துவிடும். மழை கொட்டும் காலையிலும் அதே கோப்பை, அதே சப்பாத்து, அதே நேரம். படலையைத் திறக்காமல் விறாந்தையில் இதையே செய்து, இருந்த இடத்தில் நின்று நடந்து முடியுங்கள். அந்த நாளுக்கும் கலண்டரில் புள்ளடி உண்டு. மழை விட்டுத் தெருவில் வெள்ளம் வடிந்ததும் பழைய அரைமணி நேரத்துக்கு ஒரேயடியாகத் தாவாமல், பதினைந்து நிமிடத்திலிருந்து மறுபடி ஏறுங்கள்.