நோட்டீஸ் அடிக்கும் முன்: சிறு வியாபாரிகளுக்கு விளம்பரச் சட்டம், படிப்படியாக

கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் ஸ்டால் போடும் ஒரு சத்துமாவு வியாபாரி அச்சகத்தில் கொடுக்கும் நோட்டீஸ் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

‘தர்மபுரி கேழ்வரகு சத்துமாவு. 100% இயற்கை, வீட்டுத் தயாரிப்பு. சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு! மாவட்டத்திலேயே நம்பர் 1. ரூ.300 மதிப்புள்ள அரை கிலோ பாக்கெட் ரூ.180 மட்டுமே*. விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’

பெயரைத் தவிர மற்ற எல்லா வரியிலும் வில்லங்கம் இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திருத்துவோம். மாங்கூழ், நிப்பட்டு, ஊறுகாய் என்று எதை விற்றாலும் வேலை ஒன்றுதான்.

முதல் படி: நோயை எடுத்துவிடுங்கள்

பேனாவை எடுத்ததும் அடிக்க வேண்டிய வரி, சர்க்கரை நோய் வரி. மருந்து, மாய மருத்துவம் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியல் அதில் உண்டு. சர்க்கரை நோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு விதிகளும் தடுக்கின்றன. தவறான உணவு விளம்பரத்துக்கு 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவில் ரூ.10 லட்சம் வரை அபராதம் உண்டு. இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த வரியை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் பாதிப்பு அவர் உடம்புக்கு. ‘கேழ்வரகில் கால்சியமும் நார்ச்சத்தும் உண்டு’ என்று எழுதலாம். ஆய்வக அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: பெருமைச் சொற்களுக்குச் சான்று

‘இயற்கை’ என்ற சொல்லுக்கு 2018-ன் உணவு விளம்பர விதிமுறைகள் எல்லை வகுத்திருக்கின்றன. வேறெதுவும் சேர்க்காத தனிப் பொருளுக்கே அது பொருந்தும். சத்துமாவில் கேழ்வரகு, பயறு, கடலை, ஏலக்காய் எனப் பல சேர்வதால் மாவையே ‘இயற்கை’ என்று சொல்ல முடியாது. எல்லாச் சேர்மானமும் அந்த எல்லைக்குள் வந்தால் ‘இயற்கையான பொருட்களால் ஆனது’ என்று போடலாம். ‘வீட்டுத் தயாரிப்பு’ போன்ற சொற்கள் வாங்குபவருக்குத் தவறான எண்ணம் தருமானால் கூடாது என்று அதே விதிமுறை சொல்கிறது. மில்லில் அரைத்து மெஷினில் பாக்கெட் போடுபவர் அதைத் தொடவே வேண்டாம்.

‘நம்பர் 1’ எதில், யார் அளந்தது, எந்த ஆண்டு? மூன்றுக்கும் காகிதம் இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சோதித்துப் பார்க்காமல் உத்தரவாதம் தருவது முறையற்ற வணிகம். சோதித்தேன் என்று சொன்னால் நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதே.

மூன்றாம் படி: விலை வரி

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ரூ.300-ஐ அடித்துவிட்டு ரூ.180 போட்டால், அந்த மாவு முன்பு உண்மையாகவே ரூ.300-க்கு விற்றிருக்க வேண்டும். வழக்கமான விலை பற்றித் தவறான எண்ணம் உண்டாக்குவதும் முறையற்ற வணிகமே. பழைய பில் நகல் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் ரூ.180 மட்டும் போதும்.

அந்த நட்சத்திரக் குறியைப் பாருங்கள். தமிழில் பெரிதாகச் சலுகை, நோட்டீஸின் அடியில் எறும்பு அளவு ஆங்கிலத்தில் நிபந்தனை. 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்படி, நிபந்தனை சலுகை இருக்கும் அதே மொழியில், அதே எழுத்துருவில் (ஃபான்டில்) இருக்க வேண்டும். சலுகை விலைக்கு 20 பாக்கெட்தான் இருக்கிறதென்றால் எண்ணிக்கையை வெளிப்படையாக எழுதுங்கள். சரக்கே இல்லாமல் ஆளை இழுக்கும் தூண்டில் விளம்பரம் தனிக் குற்றச்சாட்டு.

‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ போட நினைத்தால், இலவசத்தின் விலையை முதல் பாக்கெட்டில் ஏற்றக்கூடாது. விற்பனையைப் பெருக்கக் குலுக்கல் நடத்துவதும் 2019 சட்டத்தின் முறையற்ற வணிகப் பட்டியலில் இருக்கிறது. பண்டிகைக் கூப்பனுக்குப் பதில் நேரடித் தள்ளுபடி கொடுங்கள்.

லேபிளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தேதிகள், எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி., புகார் சொல்லத் தொலைபேசி எண், 14 இலக்க உணவு உரிம எண் ஆகியவற்றோடு பலர் மறக்கும் ஒன்றும் வேண்டும்: அலகு விலை. ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டில் கிராமுக்கு எவ்வளவு என்று போட வேண்டும். 500 கிராம் ரூ.180 என்றால் கிராமுக்கு ரூ.0.36. எம்.ஆர்.பி.க்கு மேல் ஜி.எஸ்.டி. தனியாக வாங்கக்கூடாது. விலையைக் குறைக்க ஸ்டிக்கர் ஒட்டலாம், பழைய எம்.ஆர்.பி. மறையாமல். ஏற்றுவதற்கு ஒட்டக்கூடாது.

நான்காம் படி: ‘திரும்பப் பெறப்படமாட்டாது’

பில் புத்தகத்தில் அச்சாகியே வரும் இந்த வரி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் காலம் குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர வேண்டும். மாவில் வண்டு இருந்தது என்று பாக்கெட்டோடு வருபவரிடம் அந்த வரியைக் காட்டி வாதாடாதீர்கள். பில் கொடுக்காமல் இருப்பதும் தவறு.

ஐந்தாம் படி: ரீல்ஸும் ரிவ்யூவும்

ஊர் யூடியூபருக்குப் பணமோ ஒரு பெட்டி மாவோ கொடுத்தால், அது விளம்பரம் என்று வீடியோவிலேயே, அவர் பேசும் மொழியிலேயே சொல்ல வேண்டும். கீழே குறிப்பில் ஒளித்து வைத்தால் போதாது. சொந்தக்காரர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போடுவது போலி ரிவ்யூ. ஆன்லைனில் ‘இன்னும் 2 மட்டுமே’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது 2023 நவம்பரில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று.

ஆறாம் படி: விலையைத் தனியாக முடிவு செய்யுங்கள்

இதுவரை சொன்னது உங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில். போட்டிச் சட்டம் 2002 உங்களுக்கும் பக்கத்து ஸ்டாலுக்கும் இடையில் வருகிறது. ‘யாரும் ரூ.150-க்குக் கீழே விற்கக்கூடாது’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ், கீழே பத்து கட்டைவிரல். இதுவே அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவு தடுக்கும் விலை ஒப்பந்தமாக எடுத்துக்கொள்ளப்படலாம்; கையெழுத்தோ முத்திரையோ தேவையில்லை. வாங்கும் விலையைக் கூடிப் பேசி முடிவு செய்வதும் அதே பிரிவில் வரும். பெங்களூரா மாங்காய் சீசனில் ‘கிலோவுக்கு இதற்கு மேல் யாரும் எடுக்காதீர்கள்’ என்று கூழ் ஆலைகளோ மண்டிகளோ பேசிக்கொண்டால் நேரடியாக விவசாயியின் வயிற்றில் அடிப்பது அது. சிறிய வியாபாரி என்பதற்காக 3-வது பிரிவில் விலக்கு கிடையாது. கூட்டுச் சதிக்கு, நடந்த ஒவ்வோர் ஆண்டின் லாபத்தைப் போல் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10%, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம்.

அப்படி மெசேஜ் வந்தால் மௌனமாக இருக்காதீர்கள். மௌனம் சம்மதமாகப் படிக்கப்படலாம். ‘என் விலையை நானே முடிவு செய்வேன், இந்தப் பேச்சில் நான் இல்லை’ என்று பதில் எழுதி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுக் குரூப்பிலிருந்து விலகுங்கள். கிருஷ்ணகிரி மாம்பழத்துக்குப் பொதுவாகச் சேர்ந்து விளம்பரம் செய்யலாம், அரசிடம் ஆதரவு விலை கேட்கலாம், தரம் பற்றிப் பேசலாம்.

ஓசூர்க் கடைகளுக்குச் சரக்குப் போடும்போது ‘எம்.ஆர்.பி.க்குக் கீழே விற்றால் அடுத்த லோடு கிடையாது’ என்று மிரட்டுவதும் சிக்கல். எம்.ஆர்.பி. உச்ச வரம்புதான். டீலர்கள் கூடுதல் தள்ளுபடி தருவதைத் தடுத்ததாக மாருதி சுசூகிக்குப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் ரூ.200 கோடி அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது.

ஏழாம் படி: கோப்பு

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரையும், மறுபடி செய்தால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். வாடிக்கையாளர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வாங்கிய விலை ரூ.5 லட்சம் வரை என்றால் அவருக்குக் கட்டணமே இல்லை. எனவே ஒவ்வொரு நோட்டீஸின் பிரதி, ஆய்வக அறிக்கை, பழைய விலைப் பில்கள், யூடியூபருக்குப் பணம் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் 3 ஆண்டாவது வையுங்கள்.

திருத்திய நோட்டீஸ் இப்படி அச்சுக்குப் போகலாம்:

‘தர்மபுரி கேழ்வரகு சத்துமாவு. கேழ்வரகு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, ஏலக்காய் சேர்ந்தது. அரை கிலோ ரூ.180, எல்லா வரியும் உட்பட. பாக்கெட்டில் குறை இருந்தால் 30 நாளுக்குள் பில்லோடு வாருங்கள், பணம் திரும்பத் தரப்படும்.’