சின்ன ட்யூப் ஆம்ப் வாங்கும் முன்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டில் வாசிக்கவும் கல்யாண மண்டபக் கச்சேரிக்குத் தூக்கிப் போகவும் ஒரே ட்யூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களில் ஓடும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்) வேண்டுமென்றால் 15 வாட் தாராளம். 30 வாட் எடுத்தால் சத்தம் இரட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் கூடும். அதைவிட மாஸ்டர் வால்யூமும் (மொத்தச் சத்தத்தைக் குறைக்கும் குமிழ்) வாட்டைக் குறைக்கும் சுவிட்சும் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் 5 வாட்டையே முழுசாகத் திருப்பினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார். மேடையில் டிரம்ஸ் சத்தம் ஆம்ப் சத்தத்தை அமுக்கினால் ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக் வைத்தால் சரி.

அப்புறம், அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ஆம்ப் என்றால் பின்பக்கம் பாருங்கள்; 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் சொருகாதீர்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்து வாசிக்கவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.