டயாலிசிஸுக்கு வண்டி ஓட்டும் தெருக் குழு: நடத்துவது எப்படி

டயாலிசிஸ் என்றால் பெரும்பாலும் வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் இயந்திரத்தோடு சுமார் 4 மணி நேரம். போக ஒன்று, வர ஒன்று என்று வாரத்துக்கு 6 நடை, மாதத்துக்கு 26. தெருவில் கார் வைத்திருக்கும் இரண்டு பேர் "நாங்க பார்த்துக்கறோம்" என்று உற்சாகமாக ஆரம்பிப்பார்கள். மூன்றாவது வாரம் ஒருவருக்கு ஊரில் கல்யாணம், இன்னொருவருக்கு ஆபீஸில் ஆடிட். அத்தோடு நின்றுவிடும்.

அதனால் முதலில் ஆள் கணக்கு. ஒருவருக்கு வாரம் ஒரு நடைக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு நோயாளிக்கு 6 பேர், கூடவே மாற்றாள் 2 பேர், ஆக 8. இரண்டாவது நோயாளியைச் சேர்க்க வேண்டுமானால் 14 பேர் தேறும்வரை பொறுங்கள். இரக்கப்பட்டு முன்னாலேயே ஒப்புக்கொண்டால் இரண்டு பேருக்குமே டயாலிசிஸ் தவறும்.

போகிறவரும் திரும்பக் கூட்டி வருகிறவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். மருத்துவமனை 12 கிலோமீட்டர் என்றால் போய்வர 24 என்றுதான் தோன்றும். ஒரே ஆள் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடி போனால் அது 48. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் காரில் 3 லிட்டர் பெட்ரோல், கூடவே அரை நாள். மருத்துவமனைப் பக்கம் வேலை பார்ப்பவர் யாராவது மாலை வீடு திரும்பும்போது கூட்டி வந்தால் பாதி மிச்சம்.

பொறுப்பாளர் ஒருவர், ஃபோன் நம்பர் ஒன்று, நோட்டு ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு யாராவது போக முடியுமா?" என்று கேட்கவே கூடாது. நாற்பது பேர் படிப்பார்கள், நாற்பது பேரும் வேறு யாரோ போவார்கள் என்று இருந்துவிடுவார்கள். முந்தின நாள் இரவு 7 மணிக்குப் பொறுப்பாளர் ஓட்டுநருக்கும் நோயாளி வீட்டுக்கும் பேசி உறுதி செய்ய வேண்டும். ஓட்டுநர் எடுக்கவில்லையா, 8 மணிக்கு மாற்றாளைக் கூப்பிடுங்கள். காலைவரை காத்திருக்க வேண்டாம்.

நோட்டில் எழுத வேண்டியவை: எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, ஊன்றுகோலா வாக்கரா சக்கர நாற்காலியா, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம்) எந்தக் கையில், மருத்துவமனையில் எந்த கேட், மகன் அல்லது மகள் நம்பர். இந்த விவரம் குழுவில் போக வேண்டியதில்லை, அன்றைய ஓட்டுநருக்கு மட்டும் போதும். கோப்பு நோயாளியிடமே இருக்கட்டும்: டிஸ்சார்ஜ் சம்மரி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார் நகல்.

மற்ற முதியவர்களும் கேட்பார்கள். வண்டி எடுக்குமுன், இந்த வேலைக்குப் போகத்தான் வேண்டுமா என்று பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையைத் தமிழக அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" மூலம் வீட்டுக்கே கொண்டு வருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. பென்ஷன்காரர்களின் உயிர்வாழ் சான்றிதழைத் தபால்காரர் வீட்டுக்கு வந்து விரல்ரேகை வாங்கிப் பதிந்துவிடுவார், கட்டணம் 70 ரூபாய். அந்த நடைகள் டயாலிசிஸுக்கு மிச்சம்.

காசு விஷயத்தில் கறாராக இருங்கள். வெள்ளை போர்டு வண்டியில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றக் கூடாது; அதற்கு மஞ்சள் போர்டும் பெர்மிட்டும் வேண்டும். நோயாளி கையில் திணிக்கும் 200 ரூபாயையும் வாங்க வேண்டாம். தெருப் பொதுநிதியிலிருந்து பங்க் ரசீதுக்குப் பெட்ரோல் போடுங்கள். வண்டியைச் சேர்க்குமுன் காப்பீட்டைப் பாருங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் இருக்கும் காரில் ஓசியாக ஏறி வருபவருக்கு விபத்தில் இழப்பீடு பொதுவாகக் கிடைக்காது. பேக்கேஜ் பாலிசியில் உண்டு. சி.என்.ஜி. சிலிண்டர் வைத்த காரின் டிக்கியில் சக்கர நாற்காலி ஏறாது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள், வாசலில் நின்று கண்டுபிடிக்க வேண்டாம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், விழுந்து இடுப்பு அசைக்க முடியாமல் கிடத்தல் - இவை எதற்கும் உங்கள் கார் வேண்டாம். 108.

காரில் ஏற்றும்போதுதான் அதிகம் விழுகிறார்கள். ஆட்டோவில் ஏறிய பழக்கத்தில் முதலில் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு ஒற்றைக் காலில் தடுமாறுவார்கள். சரியான முறை நேர் எதிர். பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்தாமல் 3 அடி தள்ளி நிறுத்துங்கள். பிளாட்பாரத்தின் மேல் நின்றால் சீட் இன்னும் பள்ளத்தில் இருக்கும். முன்பக்க இடது சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, சாய்மானத்தைக் கொஞ்சம் சாய்த்துவிடுங்கள். நோயாளி சீட்டுக்கு முதுகு காட்டி, முழங்காலின் பின்புறம் சீட்டில் படும்வரை பின்னால் வரட்டும். முதலில் உட்கார வேண்டும், பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே. தலை இடிக்காமல் கதவுச் சட்டத்தில் உங்கள் கையை வையுங்கள். துணி சீட்டாக இருந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் உடம்பு சுலபமாகத் திரும்பும். கிளம்புமுன் அதை உருவி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பிரேக் போடும்போது ஆள் முன்னால் வழுக்கிவிடுவார்.

ஃபிஸ்டுலா கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அந்தக் கையில் பை மாட்டவும் கூடாது. சீட் பெல்ட் கட்டாயம், ஆனால் அந்தக் கை பெல்ட்டுக்கு அடியில் நசுங்காமல் மேலே இருக்கட்டும்.

போவது எளிது. திரும்புவதுதான் வேலை. "4 மணிக்கு முடியும்" என்பார்கள். இயந்திரத்தில் போட்டதே தாமதமாக இருக்கும். எனவே கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பாமல், ஊசியைக் கழற்றியதும் நோயாளி வீட்டார் பொறுப்பாளருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் நின்று, எடை பார்த்து, வெளியே வர எப்படியும் அரை மணி ஆகும். எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். உள்ளேயே 10 நிமிடம் உட்கார வைத்த பிறகு நடத்துங்கள். குளிரும் என்பார்கள், ஏசியைக் குறைத்து ஒரு சால்வை கொடுங்கள். வாந்திக்குக் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கவர்.

ஊசி போட்ட இடத்தில் மறுபடி ரத்தம் கசிந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தினால் அழுத்தம் பரவிப்போகும், ரத்தம் நிற்காது. சுத்தமான காஸ் துணியை (புண்ணுக்குக் கட்டுப் போடும் துணி) மடித்து, துளையின் மேல் சரியாக இரண்டு விரலால் 10 நிமிடம் அழுத்துங்கள். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்கலாம். பீய்ச்சி அடித்தாலோ 10 நிமிடத்தில் நிற்காவிட்டாலோ அழுத்திய விரலை எடுக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நல்ல மனசால் நடக்கும் தப்பு. வழியில் வண்டியை நிறுத்தி, "களைப்பா இருப்பீங்க" என்று இளநீர் வெட்டிக் கொடுப்பது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. வாழைப்பழம், சாத்துக்குடி ஜூஸும் அப்படித்தான். தண்ணீருக்கே அவர்களுக்கு அளவு உண்டு. அவர்கள் வீட்டிலிருந்து கொண்டு வந்ததைத் தவிர எதையும் வாங்கித் தராதீர்கள்.

கேட்டில் இறக்கிவிட்டுக் கையசைத்துக் கிளம்பக் கூடாது. மாடி ஏறி, விளக்கைப் போட்டு, அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, வாக்கரைக் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்திய பிறகு பொறுப்பாளருக்கு "உள்ளே விட்டாச்சு" என்று ஒரு செய்தி. அது வந்த பிறகே நோட்டில் அன்றைய வரியை அடிக்கலாம்.