நுரையீரல் ஸ்லைடில் தடுமாறும் இடங்கள்

நுரையீரல் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் கண் ஓட்டையின் அளவைத்தான் பார்க்கும். பெரிதென்றால் பிராங்கஸ் (பெரிய காற்றுக்குழாய்), சிறிதென்றால் பிராங்கியோல் (அதிலிருந்து பிரியும் சிறு குழாய்). முதல் சறுக்கல் இதுதான். வெட்டு சாய்வாக விழுந்தால் சின்னக் குழாயும் அகலமாகத் தெரியும். பிராங்கியோலின் விட்டம் சுமார் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்பது சரி. ஆனால் லென்ஸை மாற்ற மாற்ற அந்த அளவு கண்ணுக்குப் பிடிபடாது. சுவரில் குருத்தெலும்போ சளிச் சுரப்பியோ இருந்தால் பிராங்கஸ். நுரையீரலுக்குள் குருத்தெலும்பு லாட வடிவில் இருக்காது, ஒழுங்கற்ற துண்டுகளாகக் கிடக்கும். ஒரு வெட்டில் துண்டு சிக்கவில்லை என்பதற்காக அவசரப்படாமல் சுரப்பியையும் தேடுங்கள்.

பக்கத்திலேயே ஓடும் நுரையீரல் தமனியைப் பிராங்கியோல் என்று எழுதுகிறவர்கள் ஏராளம். தமனியின் உள்பூச்சு தட்டையான செல்கள்; பிராங்கியோலில் உயரமான அல்லது கனசதுரச் செல்கள். உள்ளே சிவப்பணு இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், திசுவை எடுக்கும்போது காற்றுக்குழாய்க்குள்ளும் ரத்தம் கசியும். பிராங்கியோலின் உள்விளிம்பு நட்சத்திரம்போல மடிந்திருந்தால் உடனே ஆஸ்துமா என்று முடிவு கட்டுவதும் தவறு. இறந்தபின் தசை சுருங்குவதாலும் அப்படி மடியும்.

பெரிய குழாய்களில் செல் உட்கருக்கள் மேலும் கீழுமாக இருப்பதால் 'பல அடுக்கு' என்று எழுதத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு செல்லும் அடித்தளப் படலத்தைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது; எல்லாம் மேலே எட்டுவதில்லை, அவ்வளவுதான். அதனால்தான் 'போலி' அடுக்கு.

பாடத்தில் அதிகம் குழப்புவது, குழாய்கள் கிளைத்துச் சிறுத்துக்கொண்டே போகும்போது எது எங்கே மறைகிறது என்ற வரிசை. சளி சுரக்கும் கோப்லெட் செல்கள் முதலில் மறையும், சிலியா (சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள்) இன்னும் கீழேவரை தொடரும். தலைகீழாக இருந்தால் அங்கே சேரும் சளியை மேலே தள்ள ஆளிருக்காது! கோப்லெட் இருந்த இடத்தைக் கூரைபோல் மேல்முனை புடைத்த கிளப் செல்கள் பிடிக்கும். பழைய நூல்களில் கிளாரா செல் என்று வருவதும் இதுவே. 1937இல் விவரித்த மாக்ஸ் கிளாரா நாஜிக் கட்சிக்காரர், மரணதண்டனைக் கைதிகளின் திசுக்களைப் பயன்படுத்தியவர். பெயர் மாறியது அதனால்.

சுவரில் ஓரிடத்திலாவது காற்றறை திறந்திருந்தால் அது சுவாசப் பிராங்கியோல், அதற்கு முந்தைய, காற்றறையே இல்லாத முனையப் பிராங்கியோல் அல்ல. காற்றறைக்குள் போனபின் இன்னொரு பொறி: பரப்பில் சுமார் 95 சதவீதத்தை மூடியிருப்பவை மெல்லிய, தட்டையான முதல் வகைச் செல்கள். ஆனால் எண்ணிக்கையில் அதிகம் கனசதுர வடிவ இரண்டாம் வகைதான்.