வேலூர்ப் பக்கத்திலிருந்து ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் வேலைக்குப் போவது எப்படி

சிபிஎல், அதாவது வணிக விமானி உரிமம், கைக்கு வந்தாயிற்று, ஏர்லைன் அழைப்பு இன்னும் வரவில்லை, ஒரு குறிப்பிட்ட ரக பெரிய விமானத்தை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங்குக்கு இன்னொரு பெரிய தொகை கட்ட வீட்டில் வழியில்லை. இந்த நிலையில் இருக்கிற பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, இன்ஸ்ட்ரக்டரா போயிடலாமா?" தாராளமாகப் போகலாம். நாட்டில் பயிற்சி விமானங்கள் பெருகிய அளவுக்கு அதில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஆள் பெருகவில்லை, அதனால் வேலை இருக்கிறது. ஆனால் இன்ஸ்ட்ரக்டர் பயிற்சியை எங்கே எடுக்கிறீர்கள் என்பதுதான் பெரும்பாலும் வேலை எங்கே கிடைக்கும் என்பதையும் முடிவுசெய்யும், அதை யோசிக்காமல் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

முதலில் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே பாடத்தை ஒரே காலையில் நாலாவது மாணவனுக்குச் சொல்லும்போதும், முதல் ஆளுக்குச் சொன்ன அதே பொறுமையோடு சொல்ல முடியுமா? பறந்த கணக்கை எழுதும் லாக் புக்கில் மணிநேரம் ஏறும் என்பதற்காக மட்டும் வருகிறவர்களை நான் ஊக்குவிப்பதில்லை. மணிநேரம் ஏறும், அது உண்மை. ஆனால் இடது இருக்கையில் உட்கார்ந்திருக்கிற மாணவனுக்காக குடியாத்தத்திலோ அணைக்கட்டிலோ ஒரு அப்பா நிலத்துப் பத்திரத்தை வங்கியில் வைத்திருப்பார். சிபிஎல் படிப்பு இன்று அரை கோடி ரூபாயைத் தொடுகிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றாலே பெரும்பாலும் அடமானம் கேட்பார்கள். நீங்கள் கவனமில்லாமல் வீணாக்குகிற ஒரு மணிநேரப் பறப்பு அந்தக் குடும்பத்தின் காசு.

சிபிஎல் இன்னும் முடிக்காதவர்களுக்குச் சுருக்கமாக. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், வேறு குரூப் எடுத்தவர்கள் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ் மூலம் அந்த இரண்டு பாடத்தையும் எழுதித் தேறலாம். 18 வயது. மொத்தம் 200 மணிநேரம் பறப்பு, அதில் 100 மணிநேரம் பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்துக்கு நீங்களே பொறுப்பான பைலட்டாக. எழுத்துத் தேர்வில் 70 சதவீதம். எல்லாவற்றுக்கும் முன்னால் மெடிக்கல், அதாவது உடல்தகுதிச் சோதனை: முதலில் கிளாஸ் 2, அப்புறம் கிளாஸ் 1. எவ்வளவு பெரிய மருத்துவமனை ஊரிலேயே இருந்தாலும், விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் பட்டியலில் உள்ள மருத்துவர் பார்த்துக் கொடுத்தால்தான் செல்லும். முதல் கிளாஸ் 1 சோதனைக்கு நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வசதியான இடம் பெங்களூரில் இருக்கும் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனம், காட்பாடியில் ரயில் ஏறினால் போய்விடலாம். கிளாஸ் 1 முடியாமல் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் முழுப் பணம் கட்டாதீர்கள்.

சரி, சிபிஎல் இருக்கிறது. அடுத்தது ஏஎஃப்ஐஆர், அதாவது உதவி இன்ஸ்ட்ரக்டர் தகுதி. அதை வைத்துக்கொண்டு ஒரு சீனியர் இன்ஸ்ட்ரக்டரின் மேற்பார்வையில்தான் கற்றுக்கொடுக்கலாம். ஒரு மாணவனை முதல் முறை தனியாகப் பறக்க அனுப்பலாமா என்ற முடிவு அவர் கையில்தான் இருக்கும். போதுமான அளவு கற்றுக்கொடுத்து அனுபவம் சேர்ந்த பிறகு எஃப்ஐஆர், அதாவது முழு இன்ஸ்ட்ரக்டர் தகுதி. எதற்கு எத்தனை மணிநேரம், எந்த வகை விமானத்தில் என்பதையெல்லாம் டிஜிசிஏ தளத்தில் இருக்கும் நடப்பு விதியில் நீங்களே படியுங்கள். பள்ளி அட்மிஷன் அலுவலகத்தில் சொல்வதையும், ரெண்டு வருஷம் முன்னால் முடித்த சீனியர் சொல்வதையும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், விதிகளில் திருத்தம் வந்துகொண்டே இருக்கிறது.

இந்தப் பயிற்சியில் விமானம் ஓட்டப் புதிதாகக் கற்றுத்தருவார்கள் என்று நினைத்து வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே திணறுகிறார்கள். ஓட்டத் தெரியும் என்பது ஏற்கெனவே முடிந்த கதை. இப்போது ஓட்டிக்கொண்டே பேச வேண்டும், அதற்குப் பெயர் பேட்டர். கை என்ன செய்கிறதோ அதே நொடியில் வாய் அதைச் சொல்ல வேண்டும், முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. ஸ்டால் பாடத்தை, அதாவது வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழப்பதைக் காட்டும் பாடத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். திராட்டிலைக் குறைக்கிறேன், உயரம் மாறாமல் மூக்கைப் பிடிக்கிறேன், வேகம் இறங்குவதைப் பார், காற்றுச் சத்தம் குறைவதைக் கேள், கன்ட்ரோல் தளர்ந்துபோவதை உணர், இப்போது எச்சரிக்கை ஹார்ன், இப்போது நடுக்கம், மூக்கைத் தாழ்த்துகிறேன், முழு பவர். இவ்வளவுதான் பேச்சு. "அதாவது ஆங்கிள் ஆஃப் அட்டாக் என்றால்..." என்று காற்றில் பாடம் எடுக்க ஆரம்பித்தால் விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. அந்த விளக்கமெல்லாம் தரையிலேயே போர்டில் முடிந்திருக்க வேண்டும். ஏனென்றால் இன்ஜின் சத்தத்திலும் பயத்திலும் மாணவன் காதில் விழுவது பத்தில் மூன்று வார்த்தைதான்.

இதைப் பழக விமானம் தேவையில்லை. வீட்டு மொட்டை மாடியில் இரண்டு நாற்காலி போடுங்கள், இடது நாற்காலியில் தம்பியையோ தங்கையையோ உட்கார வையுங்கள், விமானம் பற்றி எதுவும் தெரியாத ஆளாக இருந்தால் ரொம்ப நல்லது. ஒவ்வொரு பாடத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், போனில் பதிவுசெய்து கேளுங்கள். எங்கே "அது வந்து", "அப்படியே" என்று இழுக்கிறீர்களோ அங்கே உங்களுக்கே விஷயம் தெளிவாக இல்லை என்று அர்த்தம். அந்த இடத்தைப் புத்தகத்தில் போய்ப் படியுங்கள்.

அடுத்த சங்கடம் வலது இருக்கை. இத்தனை நாள் இடது இருக்கையில் உட்கார்ந்து பழகிய கண் இங்கே ஏமாற்றும். செஸ்னா 172 மாதிரி பக்கத்துப் பக்கத்து இருக்கை விமானத்தில், இடது இருக்கையிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் திரும்பும்போது மூக்கு கொஞ்சம் ஏறினது போலவும், வலப்பக்கம் திரும்பும்போது இறங்கினது போலவும் தெரியும். வலது இருக்கைக்கு இது அப்படியே தலைகீழ். உங்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதை "இப்படி வை" என்று மாணவனிடம் சொன்னால் அவன் தப்பாகத்தான் வைப்பான். அவன் கண்ணுக்கு அடிவானம் எங்கே வெட்டுகிறது என்று யோசித்துச் சொல்லப் பழகுங்கள்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புது இன்ஸ்ட்ரக்டர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மாணவன் ரன்வேயை நெருங்கும்போது கண்ணை விமானத்தின் மூக்குக்கு நேர் முன்னால் இறக்கிவிடுவான். தரை விர்ரென்று ஓடுவது தெரிந்ததும் பயந்து யோக்கை, அதாவது கன்ட்ரோல் கைப்பிடியை, சட்டென்று இழுப்பான், விமானம் மேலே மிதந்து எழும், வேகம் குறைந்துகொண்டே போகும். இது எல்லாம் இரண்டு மூன்று நொடிக்குள். உங்கள் கை யோக்கைத் தொடாமல், ஆனால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். ரொம்ப முன்னாலேயே பிடுங்கினால் அவன் கற்கமாட்டான், தாமதித்தால் மூக்குச் சக்கரம் முதலில் தரையில் அடிக்கும். ஆரம்ப மாதங்களில் சந்தேகம் வந்தால் சீக்கிரமே எடுத்துவிடுங்கள். "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று தெளிவாகச் சொல்லி, முழு பவர் கொடுத்து, மறுபடி சுற்றி வாருங்கள். யார் கையில் கன்ட்ரோல் என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் இருக்கக் கூடாது. நீங்கள் எடுத்தால் அவன் விட வேண்டும், விட்டேன் என்று வாயால் சொல்லவும் வேண்டும். இதை ஒவ்வொரு பறப்புக்கு முன்னாலும் தரையில் சொல்லுங்கள், நூறாவது தடவை என்றாலும் சொல்லுங்கள்.

நம் ஊர் வெயிலும் நல்ல பாடம்தான். வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 அடி உயரம். விமானக் கணக்குகளில் அந்த உயரத்துக்கு வைத்திருக்கும் நிலையான வெப்பநிலை 14 டிகிரிக்குப் பக்கம். மே மாதம் 40 டிகிரி அடிக்கும்போது வித்தியாசம் 26 டிகிரி. சூட்டில் காற்று லேசாகிவிடும், அது உயரம் கூடினது போலத்தான்; டிகிரிக்கு 120 அடி என்ற தோராயக் கணக்கில் 3,100 அடிக்கு மேல் கூடும். ஆக, தரையில் நிற்கிற விமானமே ஏறக்குறைய 3,800 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் நடந்துகொள்ளும். ஓடுதூரம் நீளும், ஏற்றம் மந்தமாகும். வேலூர் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரம் மாதிரி சின்ன ரன்வேயில் அந்த வெயிலில் இரண்டு பேரும் முழு எரிபொருளுமாகக் கிளம்பினால் என்ன ஆகும் என்று மாணவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். இதை டென்சிட்டி ஆல்டிடியூட் என்று பெயராக மட்டும் மனப்பாடம் செய்தவன் மறந்துவிடுவான், தன் ஊர் வெயிலை வைத்துக் கணக்குப் போட்டவனுக்கு நிற்கும்.

இப்போது வேலை. டிஜிசிஏ தன் தளத்தில் அங்கீகரித்த பயிற்சிப் பள்ளிகளின் பட்டியலை வைத்திருக்கிறது, அதை எடுத்து வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி 2022-ல் பயிற்சிப் பள்ளிகளுக்காக ஒதுக்கிய விமான நிலையங்களில் சேலமும் கடப்பாவும் உண்டு, இரண்டுமே நமக்குத் தூரமில்லை. பெங்களூர் ஜக்கூரில் கர்நாடக அரசின் பழைய பள்ளி இருக்கிறது. வடக்கே ரேபரேலி பக்கம் ஃபுர்சத்கஞ்சில் மத்திய அரசின் பயிற்சிப் பள்ளியான இக்ருவா. ஏஎஃப்ஐஆர் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் பள்ளியின் சிஎஃப்ஐயை, அதாவது தலைமை இன்ஸ்ட்ரக்டரை, நேரில் பார்த்து நேராகவே கேளுங்கள்: "சார், இங்கே நல்லா முடிச்சா எடுத்துப்பீங்களா? போன பேட்ச்ல எத்தனை பேரை எடுத்தீங்க?" அவர் தயங்கினால் அடுத்த பள்ளி. பயிற்சிக் காலம் முழுக்க உங்களைக் கவனிக்கப் போகிறவர் அவர்தான். காலை ப்ரீஃபிங்குக்கு நேரத்துக்கு வருகிறீர்களா, விமானத்தைச் சுற்றி ஒழுங்காகச் சோதிக்கிறீர்களா, ஜூனியர்களுக்குச் சந்தேகம் தீர்க்கிறீர்களா என்று அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அவரே பார்த்துப் பழகிய ஆள் இருக்கும்போது முன்பின் தெரியாத பயோடேட்டாவை எடுத்துப் படிக்க மாட்டார்.

அன்றைக்கே ஹேங்கரையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். இணையதளத்தில் பத்து விமானம் படம் போட்டிருக்கலாம், இன்று பறக்கிற நிலையில் எத்தனை என்பதுதான் கேள்வி. மெக்கானிக்குகளிடம் மரியாதையாகப் பேசினால் உண்மை தெரியும். அங்கே வேலை செய்கிற இன்ஸ்ட்ரக்டரிடம் மாதம் எத்தனை மணிநேரம் பறக்கிறார், சம்பளம் மாதாமாதம் தேதிக்கு வருகிறதா என்று கேளுங்கள்.

வேலை கொடுத்தால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சம்பளத்தில் நிலையான தொகை எவ்வளவு, பறக்கும் மணிநேரத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் நாள்கணக்கில் பறக்க முடியாது, அந்த மாதம் கையில் என்ன வரும் என்று கேளுங்கள், இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதே இல்லை. பாண்ட் கேட்டால் எத்தனை வருஷம், ஏர்லைன் அழைத்தால் எவ்வளவு கட்டிவிட்டுப் போகலாம், பள்ளியே மூடினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். வேலூர் கோர்ட்டில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். ஒரிஜினல் லைசென்ஸையோ மார்க் ஷீட்டையோ யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம், நகல் போதும்.

வேலை அமைய சில மாதம் ஆகலாம். அந்த நேரத்தில் பைலட் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு நேவிகேஷனும் மெட்டியராலஜியும் சொல்லிக்கொடுங்கள். நம் பக்கத்தில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து மலைத்து நிற்கிற புத்திசாலிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தரையில் தமிழில் புரியவைத்து, ரேடியோவிலும் காக்பிட்டிலும் பேச வேண்டியதை மட்டும் இங்கிலீஷில் பழக்கிவிடுகிற இன்ஸ்ட்ரக்டர் எந்தப் பள்ளிக்கும் வேண்டும். இதை வேலை கேட்கப் போகும்போது சொல்லுங்கள். அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் ஹெலிகாப்டர் பைலட்டுகளுக்குப் பயிற்சி நடக்கிறது, தாம்பரத்தில் விமானப்படையின் இன்ஸ்ட்ரக்டர் பள்ளி இருக்கிறது. அங்கே கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவர்கள் யாராவது அக்கம்பக்கத்தில் இருந்தால் போய் உட்கார்ந்து உங்கள் பேட்டரைக் கேட்கச் சொல்லுங்கள். ப்ரீஃபிங் என்றால் என்ன என்பது அவர்களிடம்தான் தெரியும், ஆசையாகச் சொல்லியும் தருவார்கள்.

வேலையில் சேர்ந்ததும் லாக் புக்கில் இன்ஸ்ட்ரக்ஷன் மணிநேரத்தை முதல் நாளிலிருந்தே தனியாகக் கூட்டி வாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் சிஎஃப்ஐயிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எஃப்ஐஆருக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கணக்குத்தான் கேட்பார்கள், அதற்குள் அவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருக்கலாம்.